மயிலைப் பார்த்து ஆடாத வான்கோழி

லங்காஸ்டர், பென்சில்வேனியா
மே 12

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை அதட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் பழைய அம்மா திரும்பிவிட்டார். பதில் தாமதமானதற்குச் சோம்பலைத் தவிரக் காரணம் இல்லை. இப்போது எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. சென்ற சனிக்கிழமை வான்கோழி வேட்டைக்குப் போயிருந்தேன்.

சிரிக்காதே, துப்பாக்கி என் கையில் இல்லை. வேட்டைக்காரர் பக்கத்து வீட்டுப் பெரியவர்; நான் வெறும் துணை. அவருடையது குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. நம் ஊர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த நரிக்குறவர்கள் தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்து, கௌதாரி சுடக் கிளம்புவார்களே, ஏறக்குறைய அதேதான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் வாய் பிளந்து பார்த்தது நினைவிருக்கிறதா? இந்த ஊருக்கும் அந்த வாசனை பழையது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய கொல்லர்கள் இங்கே செய்த நீளத் துப்பாக்கிகள் பேர்போனவை. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் துப்பாக்கிக்கு மட்டும் என்று ஒரு மான் வேட்டைக் காலமே இந்த மாநிலத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். வான்கோழிச் சேவலின் தலையில் இருப்பவை அந்த மூன்று நிறங்கள்தான்; தவறிப்போய் யாராவது நம்மைச் சுட்டுவிடலாம். நான் போட்டிருந்த சிவப்புக் காலுறையைக் கழற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

காட்டு விளிம்பில் டார்ச் வெளிச்சத்தில் மருந்து கெட்டித்தார். 5 கிராம் கருமருந்து, அதன் மேல் கெட்டி அட்டை வில்லை, எண்ணெயில் ஊறிய கம்பளி வில்லை, 35 கிராம் துப்பாக்கி ரவை, அது கொட்டிவிடாமல் மூட மெல்லிய அட்டை. ஒவ்வொன்றையும் கம்பியால் இடித்து இறக்கினார். கடைசியாக, எல்லாம் சரியாக இறங்கியதா என்று அறியக் கம்பியில் கீறியிருந்த கோடு குழல் வாயோடு சரியாக நிற்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தீபாவளிக்கு நாம் வெடிக்கும் பொட்டு வெடியின் பெரியண்ணன் போன்ற செப்புக் கேப் ஒன்றைக் குழலின் அடிப்பக்கத்தில் உள்ள துளையிட்ட சிறு முனையில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. ஒரே வெடி, 25 கஜத்துக்கு மேல் நம்ப முடியாது.

பிறகு ஓர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். பெரியவர் ஆந்தை போலக் கூவினார். அடுத்த நொடியே மேட்டிலிருந்த மரத்தில் இருந்து கடகடவென்று பதில் வந்தது. இந்தச் சேவலுக்கு வாயை மூடத் தெரியாது; வசந்த காலத்தில் காகம் கத்தினாலும் கார்க் கதவைச் சாத்தினாலும் பதில் கொடுத்துவிடுமாம். ஆனால் கண் மட்டும் எமகாதகக் கண். மூக்கைச் சொறிவதற்குக்கூட எனக்கு அனுமதி இல்லை.

விடிந்ததும் அது மரத்திலிருந்து இறங்கியது. பெரியவர் சிறு மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டையின் குரல் எழுப்பினார். வழக்கமாகச் சேவல் கூப்பிடும், பெட்டை தேடிப் போகும். இங்கே தலைகீழாகச் சேவலை வரவழைக்க வேண்டும், அதுதான் வித்தையே. முக்கால் மணி நேரம் போனது. இரண்டு முறை போக்குக் காட்டிவிட்டு, புதர் இடுக்கில் தோகை விரித்து நின்றது. முத்து, பண்ணை வான்கோழியை மறந்துவிடு. இறகெல்லாம் செம்பும் பச்சையும் வெண்கலமுமாக வெயிலில் மின்னியது. மார்பிலிருந்து குதிரைமயிர் போல ஒரு தாடி. 20 கஜம்கூட இருக்காது.

பெரியவர் விசையை இழுத்தார். கேப்பைத் தட்டும் துப்பாக்கிக் குதிரை விழுந்தது. ‘டப்’ என்று கேப் மட்டும் வெடித்தது. சேவல் ஓடிய ஓட்டத்தில் சருகு பறந்தது.

பெரியவர் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். மருந்து தாமதமாகப் பற்றினால் ஆபத்து. பிறகு முனைத் துளையை ஊசியால் குத்தி, வேறு கேப் வைத்து மண்மேட்டில் சுட்டார். அப்போது மட்டும் ஊரே அதிர வெடித்தது. வெள்ளைப் புகை எங்கள் தலைக்கு மேல் போர்வை மாதிரி நின்றது. மருந்து கெட்டிப்பதற்கு முன் வெறும் கேப் இரண்டு வெடித்துத் துளையில் உள்ள எண்ணெயை எரித்துவிட வேண்டுமாம். சத்தத்தில் சேவல் விழித்துவிடுமே என்று அன்று விட்டுவிட்டார். “என் புத்தி” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வந்தது ஏமாற்றம். முட்டைகூட வீட்டுக்குள் வராமல் வளர்ந்தவன் நான். உயிர் பிழைத்ததே என்று நிம்மதிதானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. அந்தக் கேப் ஏன் ஏமாற்றியது என்று இரண்டு நாளாக மனம் அரற்றிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் பெரியவர் சொன்னார்: 1930களில் நாடு முழுவதும் எஞ்சியிருந்த காட்டு வான்கோழிகள் சுமார் 2 லட்சம்தானாம். பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வலை வீசிப் பிடித்து, வெறிச்சோடிய காடுகளில் விட்ட பிறகுதான் பெருகின. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள 11 சதவீத வரியும் 1937இல் வந்த சட்டப்படி இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போனது. சுடுகிறவன் காசில்தான் பறவை திரும்பியிருக்கிறது. எனக்கு இது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

இப்போது உன் துறைக்கு வருகிறேன், தமிழாசிரியரே. மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழி என்று ஔவை பாட்டை வைத்து இதைக் காலகாலமாகக் கேலி செய்கிறோம். பெஞ்சமின் பிராங்க்ளினோ 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட இதுதான் மதிக்கத் தக்க பறவை என்கிறார். அது கிடக்கட்டும். இந்தப் பறவை அமெரிக்காவை விட்டு வெளியே வந்ததே கொலம்பஸுக்குப் பிறகுதான். வந்த பிறகும், துருக்கியர் இதற்கு ‘ஹிந்தி’ என்று பெயர் வைத்தார்கள். டச்சுக்காரர்கள் கோழிக்கோட்டின் பெயரை வைத்தார்கள். ஆளாளுக்கு நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஔவை பார்த்த வான்கோழி எது? வகுப்பில் எந்தப் பையனாவது உன்னை இப்படி மடக்கியிருக்கிறானா? அடுத்த கடிதத்தில் பதில் வேண்டும்.

கொதிநீர் ஊற்றிக் குழல் கழுவ நானும் கைகொடுத்தேன்; கந்தகக் கரி ஒரு ராத்திரி நின்றாலும் இரும்பு துருப்பிடித்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்று என் மேல்சட்டையை மனைவி வாசலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறாள். வரும் சனிக்கிழமையும் அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
ராமநாதன்