கோத்தகிரி பெண்கள் கால்பந்துப் போட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கால்பந்துப் போட்டி நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் நல்லபடியாக நடந்து முடிந்தது. பரிசளிப்பு மேடையில் பெயர் வாசிக்கும் நேரமெல்லாம் சிறப்பு விருந்தினர்களுக்கே போய்விடும். மணல் அள்ளியவர்களுக்கும் வலை கட்டியவர்களுக்கும் இந்த மடல். யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். அடுத்த முறை கூடலூரிலோ மஞ்சூரிலோ நடத்துகிறவர்களுக்கு உதவும்.

2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. புவனேஸ்வர், மட்காவ், நவி மும்பை மூன்றும் களங்கள். நம் அணி அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது. பதினாறு கோல் வாங்கி ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் ஊர்ப் பெண்ணுக்குப் பயிற்சி கிடைக்கிறது, முழு நேர ஆட்டம் கிடைப்பதில்லை. 2025 முதல் அந்தக் கோப்பை 24 அணிகளோடு ஆண்டுதோறும் நடக்கிறது. மலையிலும் ஆண்டுதோறும் ஆட்டம் வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

அதனால் விதிகளையும் அங்கிருந்தே எடுத்தோம். ஐந்தாம் எண் பந்து, 45 நிமிடப் பாதிகள், அணிக்கு 21 பேர், நாக் அவுட்டில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் இல்லாமல் நேரே பெனால்டி. 2022 அரையிறுதியில் கொலம்பியாவும் நைஜீரியாவும் கோலின்றி முடித்து 6-5 என்று பெனால்டியில் தீர்த்துக்கொண்டது இந்த விதிப்படிதான். இங்கே அக்டோபர் என்றால் வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கு மேல் மூடுபனி. மைதானத்தின் நடுவில் நின்றால் இரண்டு கோலும் தெரிய வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். கூடுதலாக அரை மணி நேரம் இழுத்தால் இங்கே வம்பு. காலை ஒன்பதரைக்கு முதல் ஆட்டத்தைத் தொடங்கச் சம்மதித்த நடுவர்களுக்கு முதல் நன்றி.

மைதானத்தைத் தந்த ஹட்டி (படகர் ஊர்) பெரியவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். மலையில் சமதளம் கிடைப்பதே அரிது. சர்வதேச அளவு 100 முதல் 110 மீட்டர் நீளம், அது இங்கே நடக்காது. விதி அனுமதிக்கும் 90 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலத்துக்கு இடம் பிடித்தோம். கோடு போட்ட இளைஞர்கள் முதலில் கயிற்றில் 6, 8, 10 மீட்டர் முக்கோணம் வைத்து மூலையைச் செங்கோணமாக்கினார்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து 102 மீட்டர் 96 சென்டிமீட்டர் வருகிறதா என்று பார்த்தார்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் மைதானம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகிவிடும், பெனால்டி பாக்ஸ் கோணலாக நிற்கும். எல்லாக் கோடும் சேர்ந்து ஏறக்குறைய 630 மீட்டர். சுட்ட சுண்ணாம்பைத் தொடவே விடாமல், தண்ணீர் கலக்கும் வெள்ளை எமல்ஷன் அடித்தார்கள். ஈரப் புல்லில் சறுக்கி விழும் பிள்ளையின் தோலையும் கண்ணையும் சுண்ணாம்பு எரித்துவிடும்.

கோல் கம்பங்களுக்கு முன்னுள்ள இடம்தான் முதலில் சேறாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து முக்கால் யூனிட் (75 கன அடி) சலித்த மணல் ஏற்றிவந்து கொடுத்தவர் தன் பெயரைப் போடக்கூடாது என்றார், போடவில்லை. இரண்டு கோல் ஏரியாவும் சேர்த்து 200 சதுர மீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அந்த முக்கால் யூனிட் சரியாக இருந்தது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மலிவு என்று பலர் சொன்னார்கள். அதன் துகள் கூர்மையானது, சறுக்கித் தடுக்கும் கோல்கீப்பரின் முழங்காலைச் சீவிவிடும். தண்ணீர் தேங்கிய இடங்களில் தோட்ட முட்கரண்டியால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தித் துளை போட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கும் நன்றி. ஈர மண்ணில் ரோலர் ஓட்ட வேண்டாம் என்று தடுத்ததும் அவர்கள்தான். ஓட்டியிருந்தால் மண் இறுகி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் போயிருக்கும்.

காட்டெருமை இரவில் மேய வந்தால் குளம்புப் பள்ளம் விழும். புல் மூடிய பள்ளத்தில் கால் வைத்தால் கணுக்கால் போச்சு. விடியற்காலையில் மைதானத்தை வரிசையாக நடந்து பார்த்து, மண்ணும் மணலும் கலந்து அடைத்த பிள்ளைகளின் தகப்பன்மார்களுக்கு வணக்கம். சாப்பாட்டுக் கழிவை இருட்டுவதற்குள் அகற்றச் சொன்ன வனத்துறை ஊழியர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எச்சில் இலை கிடந்தால் கரடி வரும். வெற்றிக்குப் பட்டாசு வேண்டாம் என்றதையும் எல்லா அணிகளும் கேட்டன.

கோல் போஸ்ட்டுகளைப் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்பில், இலை எடை முடிந்த பிறகு, வாடகை வாங்காமல் கொண்டுவந்தார் ஓட்டுநர். வெல்டிங் பட்டறைக்காரர் பின்கம்பிக்குத் தனியாக வளையம் வைத்து, ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் 25 கிலோ மணல் மூட்டை நான்கு கட்டச் செய்தார். கட்டாத போஸ்ட்டில் ஒரு குழந்தை தொங்கினால் அது முன்பக்கம் கவிழும். உலகெங்கும் உயிர் போயிருக்கிறது.

பஞ்சர் கடை அண்ணன் தந்த, காற்றழுத்தம் பார்க்கும் சைக்கிள் கேஜ் சின்ன உதவிபோலத் தெரியும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். சமவெளியில் காற்றடித்த பந்து இங்கே வந்தால், வெப்பநிலை மாறாத பட்சத்தில், காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடி இறுகும். குளிரில் தளரும், வெயிலில் மறுபடி இறுகும். ஆகவே மைதானத்திலேயே, ஆட்டத்துக்கு அரை மணி முன்பு, 10 பிஎஸ்ஐ வைத்தோம். லாரி கேஜில் இந்தச் சிறிய அளவு சரியாகத் தெரியாது. ஊசியைக் கிளிசரினில் தொட்டுத்தான் செருக வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும்.

வெளியூர் அணிகளின் வேன்களுக்கு நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் எடுத்துக் கொடுத்த கல்லூரி மாணவிகளுக்கு நன்றி. கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி வரும் பிள்ளைகளை உடனே இறக்கி ஆடவிடக்கூடாது என்பதால் முந்தின நாளே வரவழைத்து, பள்ளி வகுப்பறையில் தங்க வைத்தோம்.

அரசு மருத்துவமனை செவிலியர் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் (ஏசிஎல்) கிழியும் ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதைக் குறைக்கவே ஃபிஃபாவின் 20 நிமிட வார்ம் அப்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலு, குதித்தல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்குகிறதா என்று ஒவ்வொருத்தியையும் நின்று பார்த்தவர் அவர். இரும்புச் சத்து மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று தேயிலை ஊரிலேயே மைக்கில் சொல்லத் தைரியம் வேண்டும். ஹாஃப் டைமில் டீக்குப் பதில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று கலந்து தந்த மகளிர் குழுவுக்கும் நன்றி. சிறிய பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்தில் தடை, அதனால் எவர்சில்வர் டம்ளர் கழுவிய கைகள் அதிகம்.

மாதவிடாய் நாளிலும் பிள்ளைகள் கவலையில்லாமல் ஓடட்டும் என்று எல்லா அணிக்கும் கருநீல ஷார்ட்ஸ் தைத்த தையல்காரம்மா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் மூடியுள்ள குப்பைக் கூடையும் வைத்த தூய்மைப் பணியாளர்கள், ஈர ஜெர்சியை லாட்ஜ் டிரையரில் காய வைத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் கடன் பெரிது. ஈர பூட்ஸுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள் தந்த முகவருக்கும்தான். வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பருகே பூட்ஸைக் காய வைத்தால் சோல் பசை விட்டுவிடும்.

பச்சைத் தேயிலை பறிக்கும் தாய்மார்களுக்கு இறுதி ஆட்டத்தன்று அரைநாள் விட்ட மேஸ்திரிகளுக்கு நன்றி. சம்பளத்தைப் பிடிக்காதவர்களுக்கு இரட்டை நன்றி.

வரவு செலவுக் கணக்கு ஹட்டி மன்றச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மிஞ்சிய மணலும் போஸ்ட்டுகளும் மைதானத்தோரக் கொட்டகையில் இருக்கின்றன. வலைகளை எலி கடிக்காதபடி உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். நீலகிரியில் எந்த ஊர் பெண்கள் அணி கேட்டாலும் எடுத்துப் போகலாம், சாவி முனையிலுள்ள டீக்கடையில்.

இப்படிக்கு,
போட்டிக் குழுவினர்,
கோத்தகிரி.