தோப்புக்கு மருந்து அடிக்க வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு முன்னால் நீங்கள் போட்ட கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவருக்குப் பெற்ற பெண்ணிடமிருந்து ஒரு தபால் வரவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான். இன்று காலை மைனஸ் 8. அப்படியும் காட்டுக்குப் போனோம். இங்கே அமெரிக்காவில், வர்ஜீனியா மலையில் ஹெம்லாக் என்று ஒரு மரம். நம் சவுக்கு மாதிரி ஊசி ஊசியாக இலை, 800 வருஷம்கூட நிற்குமாம். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி அந்த ஊசியின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலவம்பஞ்சைக் கிள்ளி வரிசையாக ஒட்டினாற்போல் இருக்கும். 1951-இல் ரிச்மண்ட் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. இப்போது போகிற வழியெல்லாம் சாம்பல் நிறத்தில் மொட்டை மரங்கள். இந்தப் பூச்சி கோடை முழுக்கத் தூங்கும், ஐப்பசி வாக்கில் எழுந்து பனியில்தான் தின்னும். அதைத் தின்கிற வண்டுக்கும் அதே கணக்கு. அதனால்தான் எனக்கும் இந்தப் பாடு.

வண்டு எள்ளளவுதான், கறுப்பு. நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கொண்டுவந்து 2003 முதல் விடுகிறார்கள். ஜப்பான் வண்டு ஒன்றை 2012 முதல். கண்டதையும் தின்னுமா என்று அடைத்துவைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். கிளைக்கு அடியில் துணியைப் பிடித்துக் கம்பால் தட்டுவதுதான் என் வேலை. நீங்கள் புளி உலுக்கும்போது நானும் தம்பியும் படுதா பிடிப்போமே, அதேதான். விழுவதில் முக்கால்வாசி பனியும் ஊசியும். அதில் ஊர்வதைத் தேடி, குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். நேற்று நாள் முழுக்கத் தட்டி 11 கிடைத்தன. அம்மாவிடம் சொல்லாதீர்கள், இதற்கா எம்.எஸ்சி. படித்தாய் என்பாள்.

அம்மா கொடுத்த நெத்திலிக் கருவாட்டை ஒருநாள் வறுத்தேன். புகை அலாரம் அலறி, கீழ்வீட்டுத் தாத்தா தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து இரண்டு தின்றார். அவர் வாசலிலும் ஒரு ஹெம்லாக் நிற்கிறது. வண்டு எப்போது வரும் என்று தினமும் கேட்பார். பெருகப் பல வருஷம் ஆகும் என்றேன். "எனக்கு 81" என்றார். கடைசியில் வேரில் மருந்து ஊற்றிக்கொண்டார். வாசல் மரம் ஒன்றுக்கு ஊற்றலாம், காட்டுக்கு ஊற்ற முடியுமா?

கார் வாங்கவில்லை. நடப்பது உடம்புக்கு நல்லதுதானே. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், பாங்க் கமிஷன் ஏறிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனீர்களா? இந்தக் காட்டில் சத்தமே கிடையாது. தட்டிக்கொண்டே இருந்தவள், சாமி கடலுக்கு வரும்போது அடிப்பார்களே, அந்த மேளத்துக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் கை ஓடவில்லை. கூட வந்த பையன் என்ன என்று கேட்டான். கண்ணில் ஊசி விழுந்துவிட்டது என்றேன்.

சரி, தோப்பு விஷயம். தானே புயலில் போனது போக நமக்கு மிச்சம் 18 தென்னைதான். வெள்ளை ஈக்கு மருந்தடிக்கத் தம்பி ஆள் பேசிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். 2016-இல் பொள்ளாச்சியில் அந்த ஈயைக் கண்டபோதே அதன் எதிரியும் கூட இருந்தது. என்கார்சியா என்ற குளவி, கொசுவைவிடச் சின்னது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு உள்ளேயே தின்று வளரும். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டட்டும். ஓலை கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஈ விட்ட தேன்கசிவில் படிந்த பூஞ்சணம்.

பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தை நீட்டினால், நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சித்தி காலுக்கு இப்போது எப்படி?

உங்கள் பூதக்கண்ணாடியை எடுத்துப்போய் நாலு ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே கறுத்துப்போன குஞ்சுகள் இருந்தால் குளவி வந்துவிட்டது. எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம், தபாலில் போடுங்கள்.

அன்பு மகள்,
கலா