பூட்டுச் சின்னத்தை இன்னுமா காட்டுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையப் பாதுகாப்பு பற்றிய ஒரு நிமிட வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. முதல் மூன்று நொடியில் பார்ப்பவரை மிரட்டிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அதனால்தான் எதைத் திறந்தாலும் முகமூடி ஆசாமி, பச்சை எழுத்து மழை, சைரன் சத்தம். இதெல்லாம் எதற்கு? ‘உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்’ என்ற மோசடிக் குறுஞ்செய்தியை அப்படியே திரையில் காட்டினால் போதும். ‘அட, எனக்கும் இது வந்ததே’ என்று தள்ளுகிற விரல் தானாக நிற்கும்.

மிரட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காலாவதியான அறிவுரையைத்தான் தாங்க முடியவில்லை. ‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம்’ என்று இன்னும் ஸ்கிரிப்ட் வருகிறது. நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதையும் சொல்லவில்லை. மறுமுனையில் இருப்பவர் திருடரா என்று அதற்குத் தெரியாது. மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் பிரௌசரே 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது. வீடியோக்காரர்கள் மட்டும் விடுவதாக இல்லை.

அப்புறம், திரையில் காட்டும் விஷயங்கள். நிஜ மோசடி லிங்க்கையே காட்டினால், ஆர்வக்கோளாறில் நாலு பேராவது டைப் செய்து பார்ப்பார்கள். இதுபோன்ற உதாரணங்களுக்கென்றே எக்ஸாம்பிள்.காம் என்ற முகவரியை 1999-லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், காசு கொடுக்கவும் வேண்டாம். போன் நம்பர், ஓடிபி போன்றவற்றை மங்கலாக்கினால் மட்டும் போதாது. கட்டம் கட்டமாகச் சிதைத்த எழுத்தை மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. கறுப்புப் பட்டை போட்டு முழுசாக மறைப்பதே சரி.

இன்னொன்று, ஏமாந்தவரைக் கோமாளியாக நடித்துக் காட்டுவது. சிரிப்பு வருகிறது, ஷேரும் ஆகிறது. ஆனால் அதைப் பார்த்துச் சிரித்தவர் நாளைக்குத் தானே ஏமாந்தால் வெளியில் சொல்லக் கூசுவார். வங்கிக்கு உடனே தகவல் போனால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு, அந்த நேரத்தை வெட்கம் தின்றுவிடும். என்னிடம் வரும் வீடியோக்களில் அப்படிக் காட்சி இருந்தால் வெட்டித்தான் அனுப்புகிறேன். ஸ்கிரிப்ட் எழுதியவருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்