குமரி மாவட்டத்துல நெட் கனெக்சன் குடுக்கிற கேபிள், ஃபைபர் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

ஆரல்வாய்மொழில இருந்து களியக்காவிளை வரைக்கும் போஸ்ட்டுக்கு போஸ்ட் வயர் இழுத்து வீட்டுக்கு வீடு நெட் கொண்டுவந்தது நீங்கதான். மழைல ரப்பர் மரம் சாஞ்சு லைன் அறுந்தா ராத்திரின்னு பாக்காம ஆள் அனுப்பி சரி பண்றீங்க, அதுல ஒரு குறையும் சொல்ல வரல. நான் எழுதுறது நீங்க செவுத்துல மாட்டிட்டு போற அந்த ரூட்டரப் பத்தி.

அதுக்கு ரெண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒண்ணு வைஃபை பாஸ்வேர்டு, அது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு உள்ள போய் செட்டிங் மாத்துற அட்மின் பாஸ்வேர்டு, அப்படி ஒண்ணு இருக்குன்னே முக்காவாசி வீட்டுல தெரியாது. நான் பாத்த வீடுகள்ல அது கம்பெனில இருந்து வந்த மாதிரியே அட்மின், அட்மின்னு கெடக்கு, இல்லேன்னா ஒரு ஏரியா முழுக்க ஒரே பாஸ்வேர்டு, வேலைய விட்டு நின்ன பையனுக்கும் அது தெரியும். கஸ்டமர் மாத்திக்கட்டும்னு சொல்லலாம், ஆனா மாத்தணும்னு கேட்டா "அதெல்லாம் நீங்க தொடாண்டாம், நெட் போயிரும்"னு சொல்றதும் உங்க பசங்கதானே? சாவி உங்க கைல இருக்குன்னா பூட்டுக்கும் நீங்கதான் பொறுப்பு, இதுதான் எனக்கு சொல்ல வேண்டியது.

இது சும்மா பயமுறுத்துறதுக்கு இல்ல. 2016ல மிராய்னு ஒரு மால்வேர், அதாவது மெஷினுக்குள்ள புகுந்து ஆட்டிப் படைக்கிற கெட்ட புரோகிராம், வந்துச்சு, பெருசா ஒரு வித்தையும் கெடையாது, கம்பெனி போட்ட யூசர்நேம் பாஸ்வேர்டு ஒரு அறுபது சொச்சத்த வரிசையா போட்டுப் பாத்தே கேமரா, டிவிஆர் (கேமரா படத்த பதிஞ்சு வைக்கிற பெட்டி), ரூட்டர்னு லட்சக்கணக்குல புடிச்சு, அதுங்கள எல்லாம் ஒரே நேரத்துல மோத விட்டு அந்த அக்டோபர்ல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாத்தையும் தடுமாற வச்சிட்டாங்க. அடுத்த மாசமே ஜெர்மனில டாய்ச்ச டெலிகாம் கஸ்டமர் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட் போச்சு, கம்பெனி தூரத்துல இருந்து ரூட்டர மேனேஜ் பண்றதுக்கு வச்சிருந்த 7547ங்கற போர்ட், அதாவது நெட் வழியா உள்ள வர்ற வாசல், ஊருக்கே தெறந்து கெடந்ததுதான் காரணம். 2017 ஜூலைல நம்ம நாட்டுலயே பிஎஸ்என்எல் மோடம் ஆயிரக்கணக்குல மால்வேர் அடிச்சு படுத்துச்சு, டீஃபால்ட் பாஸ்வேர்ட, அதாவது கம்பெனி போட்டு விட்டத, மாத்தாத மோடம்தான் மாட்டுச்சு.

இனி வைஃபை பாஸ்வேர்டுக்கு வாரேன். கனெக்சன் குடுக்கும்போது மறந்துராதுன்னு வீட்டுக்காரரோட செல் நம்பரையே போட்டு குடுக்கீங்க இல்லியா, அத தயவுசெஞ்சு நிறுத்துங்க. நம்ம நாட்டு செல் நம்பர் 6, 7, 8, 9ல ஏதாவது ஒண்ணுலதான் தொடங்கும், அப்போ மொத்தமே 400 கோடி நம்பர்தான். உங்க போன் ரூட்டரோட சேர்ற நேரத்துல பறக்குற சிக்னல ரோட்டுல நின்னே புடிச்சு வச்சிக்கலாம், அப்புறம் வீட்டுல உக்காந்து ஒரு நல்ல கேமிங் கார்டுல செகண்டுக்கு பத்து லட்சம் வீதம் போட்டுப் பாத்தா ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள மொத்த நம்பரும் முடிஞ்சுது. அவ்வளவு கூட எதுக்கு, கடைக்காரர் நம்பர் கடை போர்டுலயே எழுதியிருக்கு! பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபைல சேர ரூட்டர்ல இருக்க டபிள்யூபிஎஸ்ங்கற வசதியோட பின் நம்பரும் இதே கததான், எட்டு இலக்கம்னு பேரு, ஆனா அத ரெண்டு பாதியா தனித்தனியா செக் பண்றதால 11,000 தடவ போட்டாப் போதும்னு 2011லயே கண்டுபுடிச்சுட்டாங்க, அந்த வசதிய ஆஃப் பண்ணிருங்க.

நீங்க சொல்லுவீங்க, நம்ம நெட்ல ஒரு ஐபி அட்ரஸ்ல (நெட்ல நம்ம விலாச நம்பர்) நூறு வீடு ஓடுது, வெளில இருந்து எவனும் நேரா ரூட்டருக்கு வர முடியாதுன்னு. சரிதான், ஆனா உங்க நெட்வொர்க்குல வீட்டுக்கு வீடு தனியா பிரிச்சு விடலேன்னா கருங்கல்ல இருக்கிறவன் திங்கள்சந்தை வீட்டு ரூட்டரோட லாகின் பக்கத்த தெறக்கலாமே. அது போக, வீட்டுக்குள்ள இருக்க போன்ல ஏதோ ஒரு ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர்ல இல்லாம வாட்ஸ்அப் லிங்க்னு வர்ற ஆப், இன்ஸ்டால் ஆனா அதுக்கு ரூட்டர் பக்கத்துலதான இருக்கு. உள்ள வந்தவன் டிஎன்எஸ்ஸ, அதாவது வெப்சைட் பேருக்கு விலாசம் சொல்ற செட்டிங்க, மட்டும் மாத்தி விட்டான்னா பேங்க் பேர சரியா டைப் பண்ணாலும் போலி பக்கத்துக்கு போகும், பிரவுசர் வார்னிங் காட்டும்தான், வயசானவங்க எத்தன பேர் அத வாசிக்காங்க?

அப்புறம் போலீஸ் விசயம். 2008ல அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன்னாடி வந்த மிரட்டல் மெயில் நவி மும்பைல ஒரு அமெரிக்கக்காரர் வீட்டு வைஃபைல இருந்து போயிருந்துச்சு, வேற எவனோ அத யூஸ் பண்ணிருக்கான், ஆனா முதல்ல விசாரணைல மாட்டுனது அந்த வீட்டுக்காரர்.

நம்ம ஊருல இது ரொம்ப கவனிக்க வேண்டியது, ஏன்னா மகன் துபாய்லயும் மகள் வெளிநாட்டுல நர்ஸாவும் இருக்க வீட்டுல அம்மாவும் அப்பாவும் மட்டும் உண்டு, இல்லேன்னா வீடே பூட்டிக் கெடக்கு, வெளிநாட்டுல உள்ள பிள்ளைங்க கேமரா வழியாத்தான் வீட்ட பாக்காங்க. அதுக்குன்னு டிவிஆருக்கு டீஃபால்ட் பாஸ்வேர்டோட போர்ட தெறந்து விட்டா வீட்டுல ஆள் இல்லேங்கறத எவன் வேணும்னாலும் பாக்கலாம். கன்னியாகுமரி லாட்ஜுலயும் கவனிங்க, ரிசப்சன்ல பாஸ்வேர்ட எழுதி ஒட்டியிருக்க அதே வைஃபைலதான் கெஸ்டோட ஆதார் காப்பி வச்சிருக்க கம்ப்யூட்டரும் ஓடுது, கெஸ்ட் நெட்வொர்க்னு தனியா ஒண்ணு அதே ரூட்டர்லயே போடலாம், காசு செலவு கெடையாது.

நான் கேக்கறது பெரிய காரியம் இல்ல. வீட்டுக்கு ஒரு அட்மின் பாஸ்வேர்டு, தனித்தனியா, அத ஒரு சீட்டுல எழுதி வீட்டுக்காரங்க கைல குடுங்க. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து எல்லாத்துக்கும் ஒரே டீஃபால்ட் பாஸ்வேர்டு போட்டு விக்கவே கூடாதுன்னு சட்டமே உண்டு. வெளில இருந்து லாகின் பண்றத அடைச்சு வைங்க. உங்க ஆபீஸ்ல இருந்தே ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் தள்ளி விடுற வசதி அனேக ரூட்டர்ல இருக்கு, கம்பெனி அப்டேட்ட நிறுத்துன பழைய மாடல்னா மாத்திக் குடுங்க, சும்மா இல்ல, மாசத்துக்கு இருபது முப்பது ரூவா கூட வாங்கிக்கங்க, நாங்க தருவோம்.

அடுத்த மாசம் பில்லுக்கு வரும்போதே தொடங்கலாம், வயசானவங்க தனியா இருக்க வீடு முதல்ல, அப்புறம் கடை, லாட்ஜ், இ-சேவை மையம். தக்கலை பக்கம் எங்க தெருவுக்கு உங்க பசங்க வந்தா சனி ஞாயிறு நானும் வீடு வீடா கூட வாரேன், பெரியவங்களுக்கு எடுத்துச் சொல்றது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தக்கலைல இருந்து உங்க கஸ்டமர் ஒருத்தன்