மெடிக்கல் கடைக்காரர்களுக்கு, அந்த 'செட்' மாத்திரை பற்றி

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். போன ஐப்பசி மழையில் அப்பாவுக்குச் சளி பிடித்தது. டாக்டரிடம் போய் உட்கார அலுப்புப்பட்டு, கடையில் "சளிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கி வந்துவிட்டார். கவரைப் பிரித்துப் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, கூடவே பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான அசித்ரோமைசின் மூன்று, வயிறு எரியாமல் இருக்க மூன்று பான்டப்ரசோல். தீர்ந்ததும் இன்னொரு செட். சளி போனது, தானாகப் போகிற நாளில். அப்புறம் பிடித்த வயிற்றுப்போக்கு பத்து நாள் நிற்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுந்து உட்கார்ந்தார்.

அந்தக் கவர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதிலிருந்த அசித்ரோமைசினும் பான்டப்ரசோலும் உள்ளே போய் என்ன செய்யும் என்பதைத்தான் வருடா வருடம் பாடமாக எடுக்கிறேன்.

சோற்றோடும் தண்ணீரோடும் கிருமிகள் உள்ளே போகின்றன. மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டிய கிருமிகளையும் அங்குள்ள நுண்மயிர்கள் தொண்டைக்குத் தள்ளிவிட, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். எல்லாம் போய் விழுவது இரைப்பை அமிலத்தில். வெறும் வயிற்றில் அதன் புளிப்பு எலுமிச்சைச் சாற்றுக்குக் குறையாது. பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடியும். அமெரிக்காவின் மேரிலாந்தில் முன்வந்த தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறுமனே கொடுத்தபோது நோய் வர பத்துக் கோடிக்கு மேல் கிருமி தேவைப்பட்டது. சோடா உப்பால் அமிலத்தைத் தணித்துவிட்டுக் கொடுத்தபோது பத்து லட்சமே போதுமானதாக இருந்தது. நீங்கள் 'கேஸ் மாத்திரை' என்று சேர்த்துத் தரும் பான்டப்ரசோல் இதே அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை.

அமிலத்தைத் தாண்டி வருபவற்றைத் தடுப்பதில் பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இடத்தையும் இரையையும் அவை பிடித்து வைத்திருப்பதால் வந்தவனுக்குக் காலூன்ற வழியில்லை. ஆன்டிபயாட்டிக் அந்தக் குடிகளையும் சேர்த்தே அழிக்கிறது. காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகினால், வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கு வரலாம். கேஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த நோய் வரும் அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. சாதாரணச் சளியோ வைரஸால் வருவது, அசித்ரோமைசினுக்கு அங்கே வேலையே இல்லை.

அல்சர் உள்ளவர்களுக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கும் சிலருக்கும் டாக்டர் கேஸ் மாத்திரை எழுதுவார். அவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நான் கேட்பது சீட்டில்லாமல் கைமாறும் செட்டைப் பற்றி மட்டும்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரிடம் போக முடியாதவர்கள்தான் உங்களிடம் வருகிறார்கள், அது எனக்கும் தெரியும். உங்களை நம்பி வருகிறார்கள் என்பதால்தான் இந்த மடலே.

சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அசித்ரோமைசின், பான்டப்ரசோல் இரண்டின் அட்டையிலும் அச்சடித்திருக்கிறது. துண்டாக வெட்டிக் கவரில் போடும்போது அந்த எழுத்து வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. அடுத்த முறை யாராவது செட் கேட்டால், எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆன்டிபயாட்டிக்கும் கேஸ் மாத்திரையும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியை