பதினோராவது வருடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்துவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. எனக்கு ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும் உண்டு. திருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சராக இருந்தவள் நான், தப்பைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக வராது.

1954-இல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்ததுதான் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்தீர்கள். சரி. ஆனால் கொடுத்த ரொனால்ட் ஹெரிக்கும் பெற்றுக்கொண்ட ரிச்சர்ட் ஹெரிக்கும் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ரிச்சர்டின் உடம்புக்கு அது வேற்றாள் உறுப்பாகத் தெரியவில்லை, அதனால் சண்டை போடவில்லை. தைக்கிற கை அப்போதே தேறிவிட்டது; உடம்பைச் சமாதானப்படுத்தும் மருந்துதான் இல்லை. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் என்ற அப்படிப்பட்ட மருந்துக்கு 1983-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகுதான், இரட்டையர் அல்லாதவர்களுக்கு வழி சரியாகத் திறந்தது. எனக்குச் சிறுநீரகம் தந்தது என் அக்கா. எங்களுக்குள் ஆறு வயது வித்தியாசம், இரட்டையர் இல்லை. எனவே காலை 9 மணிக்கு ஒரு வேளை, இரவு 9 மணிக்கு ஒரு வேளை, 11 வருடமாக மாத்திரை.

இனி வேண்டுகோள். உறுப்பு மாற்றுச் செய்திகள் எல்லாமே ஒரே இடத்தில் முடிகின்றன. நோயாளி பூங்கொத்தோடு நிற்பார், பக்கத்தில் டாக்டர்கள் நிற்பார்கள், 'நலமாக வீடு திரும்பினார்' என்று கடைசி வரி இருக்கும். அப்படி வீடு திரும்பியவள்தான் நான். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதுச் சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. எனக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு கை வைத்தால் தட்டுப்படும். பழையவை இரண்டும் சுருங்கிப்போய் முதுகுப் பக்கம் அப்படியே இருக்கின்றன. ஆக எனக்கு மூன்று, அக்காவுக்கு ஒன்று. நான்கில் வேலை பார்ப்பது இரண்டு. இடது முன்கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா இன்னும் விர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மூடிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும்மா, என்றைக்காவது தேவைப்படலாம்" என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் எனக்கு இது குணம் இல்லை, சிகிச்சை என்று உறைத்தது. சொந்தக்காரர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. "அதான் மாத்தியாச்சே, இன்னுமா மாத்திரை?" என்று கேட்பார்கள்.

உடம்பின் எதிர்ப்பை அடக்க நான் சாப்பிடுவது டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். காவல்காரனே திருடுகிற கதைதான். மூன்றாவது வருடம் இந்த மருந்துகளால் சர்க்கரை நோயும் வந்தது. கை நடுக்கம் முதலிலிருந்தே உண்டு. காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போடுவேன் என்று ஒரு பெருமை இருந்தது, அது போயிற்று.

ஐந்தாவது வருடம் தொண்டை வலி, காய்ச்சல். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஆன்டிபயாடிக், டாக்ரோலிமஸ் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கும். நான்காம் நாள் சாக்பீஸைப் பிடிக்க முடியாத அளவுக்கு நடுக்கம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினின் (கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம்) 1.2-இலிருந்து 2.1-க்குப் போய்விட்டது. அந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதும் 1.4-க்கு இறங்கியது. அதற்குப் பிறகு 1.2-ஐ நான் பார்க்கவே இல்லை. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது கையில் கொடுத்த ஃபைல் அத்தனை தடிமன். அதில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதல் வருடத்தைத் தாண்டும் சிறுநீரகங்கள் இன்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். மருத்துவம் முன்னேறியது பெரும்பாலும் அந்த முதல் வருடத்தில்தான். அதற்குப் பிறகு மெதுவாகத் தேய்வதை நிறுத்த இன்னும் அவ்வளவாக வழி பிறக்கவில்லை. உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருடம் உழைக்கும் என்கிறார்கள். கழித்தல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்ததற்குப் போனால் இன்னொரு சிக்கல்: முதல் உறுப்பைப் பார்த்துப் பழகிய உடம்பு அதற்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்து வைத்திருக்கும். கிராஸ்மேட்ச், அதாவது கொடுப்பவரின் செல்களை என் ரத்தம் தாக்குமா என்று பார்க்கும் சோதனையில், ஒத்துவரும் ஆள் குறைந்துபோவார்கள். பிரசவமும் ரத்தம் ஏற்றிக்கொள்வதும்கூட இதே வேலையைச் செய்யும். கண்ணில் வைக்கும் கருவிழி இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அதில் ரத்தக்குழாய் இல்லாததால் உடம்பு அதை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிப்பதில்லை. 1905-லேயே கருவிழி மாற்று வெற்றி பெற்றதும் அதனால்தான்.

மாத்திரைச் செலவையும் யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீடு, 65 வயதுக்குக் குறைந்த சிறுநீரக மாற்றுக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு 36 மாதம் மட்டும்தான் இந்த மருந்துகளுக்குப் பணம் தந்துவந்தது. மருந்தை விட்டுச் சிறுநீரகம் போனால் டயாலிசிஸுக்குத் தாராளமாகத் தரும்! 2023-இல்தான் அந்த விதி மாறியது. அங்கேயே அந்தக் கதி.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அவளுக்கு முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு ஃபோன்கூட வரவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ரொனால்ட் ஹெரிக் கொடுத்த பிறகு 56 வருடம் வாழ்ந்தார். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். "எனக்கு என்னடி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். நான்தான் ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டு போகிறேன். உலகம் முழுக்க உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களை இழுத்துக்கொண்டு போக எத்தனை பேருக்குத் தங்கை இருக்கிறாளோ!

பன்றிச் சிறுநீரகம் வரட்டும், எனக்கும் ஆசைதான். 2024-இல் பாஸ்டனில் 69 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பெற்றவர் சுமார் இரண்டு மாதம் உயிரோடிருந்தார். அது அவர் மரணத்துக்குக் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது. அதையும் படிப்பேன். அதற்கு நடுவில், உங்கள் பழைய செய்திப் படங்களில் பூங்கொத்தோடு நிற்பவர்கள் யாராவது ஒருவரை ஐந்து வருடம் கழித்து உங்கள் நிருபர் போய்ப் பார்க்கட்டும். கிரியாட்டினின் எவ்வளவு, மாத்திரைக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்கட்டும். அப்படியே, கொடுத்தவர் எப்படி இருக்கிறார் என்றும்.

இப்படிக்கு,
மூன்று சிறுநீரகங்களோடு ஒரு வாசகி