சாயப்பட்டறை ரசாயன டிரம்களில் தொழிலாளர் படிக்கும் மொழியில் அபாயக் குறிப்பு ஒட்டக் கோரி மனு

அனுப்புநர்
கெமிக்கல் ஸ்டோர் பொறுப்பாளர், சாயப்பட்டறை,
திருப்பூர்.
(பெயரும் முகவரியும் தனி உறையில் வைத்திருக்கிறேன். இன்னும் அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன் என்பதால் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

நகல்: இணை இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், திருப்பூர்.

பொருள்: சாயப்பட்டறைகளில் ரசாயன டிரம், கேன், வாளி எல்லாவற்றிலும் தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் அபாயக் குறிப்பு ஒட்ட உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாகச் சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோர் பார்க்கிறேன். சாய மாஸ்டர் எழுதிக் கொடுக்கும் ரெசிபிப்படி ரசாயனங்களை எடை போட்டுக் கொடுப்பது என் வேலை. என் ஸ்டோரில் சோடா ஆஷ், கிளாபர் உப்பு, ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) மூன்றும் வெள்ளைப் பொடிகள். ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டிக் அமிலம், காஸ்டிக் சோடா கரைசல் மூன்றும் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அசிட்டிக்கை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டுக்கும் அந்த வசதி கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நைட் ஷிஃப்ட். ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன பையன் ஹைட்ரோஸ் அள்ளப் போனான். சுத்தம் பார்க்கிற பையன். அள்ளுகிற பிளாஸ்டிக் மக்கை நன்றாகக் கழுவி, ஈரத்தோடே டிரம்முக்குள் விட்டு அள்ளிக்கொண்டு போய்விட்டான். அரை மணி நேரம் கழித்து டிரம்மிலிருந்து புகை. தீக்குச்சி உரசினால் வருமே, அதே நெடி, கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு. இன்னொருவர் நல்லெண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டார். புகை இரண்டு மடங்கானது. ஹைட்ரோஸில் கொஞ்சம் ஈரம் பட்டாலே சூடேறும், அந்தச் சூட்டில் அது தானாகச் சிதைந்து கந்தக டை ஆக்சைடைக் கக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். இது எங்களில் யாருக்கும் அன்று தெரியாது. மாஸ்டரை போனில் எழுப்பிக் கேட்ட பிறகுதான் டிரம்மை வெளியே உருட்டினோம். மறுநாள் ஒரு டிரம் சரக்கு நஷ்டம் என்று கணக்கு எழுதினார்கள். பையன் இரண்டு நாள் ரூமில் இருமிக்கொண்டு கிடந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த டிரம்மில் லேபிள் இருந்தது. பெயர், பேட்ச் எண், 50 கிலோ எடை, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி. தீச்சுவாலைப் படம் இருந்த இடம் உருட்டி உருட்டித் தேய்ந்து போயிருந்தது. நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். 'செல்ஃப் ஹீட்டிங்' என்று படித்தும் இருக்கிறேன். தானாகவே சூடேறும் என்று அதற்கு அர்த்தமாம். எதையோ சூடாக்குவதற்கான பொடி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பையனுக்கு அதுவும் வராது. அவன் படித்தது ஒடியா.

சரி, டிரம்மிலாவது ஒரு காகிதம் இருக்கிறது. அங்கிருந்து வாளிக்கும் கேனுக்கும் மாறியதும் அதுவும் இல்லை. பெராக்சைடு என்று ஒட்டிய பழைய கேனில் அசிட்டிக் நிற்கும். காஸ்டிக் கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி மெஷின் ஓரமாக வைத்திருந்ததை நானே எடுத்துக் கொட்டியிருக்கிறேன். அது கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரமாவது விடாமல் தண்ணீரில் கழுவ வேண்டும். பாட்டிலுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தால்தானே ஓடிப்போய்க் கழுவத் தோன்றும்?

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளில் 17ஆவது விதி, ஒவ்வொரு கலனிலும் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், அதன் தன்மையும் நச்சும் என்ன என்று தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது. பாதுகாப்புத் தகவல் தாளும் இருக்க வேண்டும் என்கிறது. எந்த மொழியில் என்று மட்டும் சொல்லவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்புத் தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு 111ஏ பிரிவில் கொடுத்தார்கள். இப்போது வந்திருக்கும் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டறையில் தகவல் தாள் ஆபீஸ் அலமாரியில் ஃபைலுக்குள் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக.

எங்கள் ஊரில் பருத்திக்கு மருந்தடித்த காலத்தில், பூச்சிமருந்து டப்பாவோடு மடித்து வைத்த தமிழ்த் துண்டுச்சீட்டு ஒன்று வரும். டப்பாவிலேயே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் படிக்காத என் அப்பாவும் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிடுவார். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வட்டார மொழியிலும் எழுதச் சொல்வதால் கிடைத்த வசதி அது. தோட்டத்தில் முடிந்தது பட்டறையில் ஏன் முடியாது?

இதையும் சொல்லியாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் ஆற்றுக்குப் போகும் கழிவுநீரைப் பற்றி எல்லோருக்கும் கவனம் வந்துவிட்டது. கழிவுநீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) எவ்வளவு என்று கேட்டால் எங்கள் சூப்பர்வைசர் தூக்கத்திலும் சொல்வார். பட்டறைக்குள் இருக்கும் கேனில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்.

1996ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தாங்களே தலைவர் என்பதால்தான் இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவருகிறேன். பட்டறைகளில் அதிகம் புழங்கும் ரசாயனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் பெரிய படக்குறியோடு, எதோடு சேர்க்கக் கூடாது, மேலே பட்டால் முதலில் என்ன செய்வது என்று இரண்டு மூன்று வரியில் ஒரு மாதிரி லேபிளைத் தமிழ், இந்தி, ஒடியாவில் இயக்ககம் தயாரித்துக் கொடுக்க வேண்டும். சப்ளையர் அதை டிரம்மில் ஒட்டி அனுப்பவும், பிரித்து ஊற்றும் ஒவ்வொரு கேனிலும் வாளியிலும் பட்டறைக்காரர்கள் ஒட்டவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் ரசாயனம் ஊற்றுவதை அடியோடு தடை செய்ய வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஃபைலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அள்ளிப் போடும் ஆளிடம் "இது என்ன, மேலே பட்டால் என்ன செய்வாய்" என்று அவர் மொழியிலேயே கேட்க வேண்டும். அப்புறம், ஒன்றோடொன்று சேரவே கூடாத ஹைட்ரோஸும் பெராக்சைடும் ஒரே அறையில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஸ்டோரில் இப்போதும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.

உத்தரவு வரும் வரைக்கும் நானே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒடியா வரிகளை எழுதித் தந்தது அந்தப் பையன்தான். மார்க்கர் மை ஈரம் பட்டு வாரத்துக்கு ஒருமுறை அழிகிறது, மறுபடி எழுதுகிறோம். அதனால் அச்சடித்துத் தரும் லேபிள் தண்ணீரில் அழியாததாக இருக்கட்டும்.

இணைப்பு: டிரம் லேபிள், நாங்கள் எழுதிய அட்டை ஆகியவற்றின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கெமிக்கல் ஸ்டோர் பொறுப்பாளர்
திருப்பூர்